ஹெட்லைட்டுக்குள் ஆவி... பதறணுமா, விட்டுடலாமா?

ராத்திரி முழுக்க மழை கொட்டி ஓய்ந்த ஒரு நவம்பர் காலை. மயிலாப்பூரிலோ அடையாறிலோ தெருவோரம் நிற்கும் கார்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள். சில கார்களின் ஹெட்லைட், சுடுதண்ணியில் குளித்து முடித்த பாத்ரூம் கண்ணாடி மாதிரி உள்பக்கம் மங்கிப்போய் இருக்கும். அதில் ஒன்று உங்க காராக இருந்தால், அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவீங்க. 'உள்ளே அரிசி போட்டு வை' என்பார் சித்தப்பா. 'ஹேர் டிரையர் காட்டு' என்பாள் தங்கச்சி. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால் 'இது நார்மல்தான் சார்' என்று பதில் வரும். தெருமுனை மெக்கானிக்கோ, 'அசெம்பிளியையே மாத்திடலாம் தம்பி' என்பார்.

இதில் யார் சொல்வது சரி? அதைப் பெரும்பாலும் அந்த விளக்கே காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய ஆவிப் படலம் என்றால், விளக்கு மூச்சு விடுகிறது என்று அர்த்தம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றால், எங்கேயோ ஓட்டை. இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். மீதிப் பேர் வாரன்டி முடியும்வரை 'நார்மல்' என்று நம்பிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

மூச்சு விடும் விளக்கு

ஹெட்லைட் என்பது காற்றுப் புகாத டப்பா என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. முன்கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்த 'சீல்டு பீம்' விளக்குகள் அமெரிக்காவில் 1940 மாடல் கார்களில் தொடங்கி 1980-கள் வரை கட்டாயமாகவே இருந்தன. இழை போனால் மொத்த விளக்கையும் தூக்கிப் போட வேண்டும். ஆனால், உள்ளே ஆவி படியும் பேச்சுக்கே இடமில்லை.

இப்போதைய விளக்குகள் வேறு ஜாதி. முன்பக்கம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், பின்பக்கம் இன்னொரு பிளாஸ்டிக் கூடு, இரண்டையும் ஒட்டும் பசை, பல்பு மாற்ற ஒரு ரப்பர் மூடி. விளக்கை எரியவிட்டால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். அது வெளியே போக வழியில்லை என்றால் ஒட்டிய இடமே பிளந்துகொள்ளும். அதனால்தான் கம்பெனியே பின்பக்கம் சின்னச் சின்னத் துளைகளை வைக்கிறது. சிலவற்றில் வளைந்த ரப்பர் குழாய் இருக்கும். சிலவற்றில் ரெயின்கோட் துணி மாதிரி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அது காற்றையும் ஆவியையும் விடும், தண்ணீர்த் துளியை விடாது.

விளக்கு எரியும்போது காற்று வெளியே போகும். அணைத்து ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அப்படி இழுக்கும் காற்று சென்னைக் காற்றாக இருப்பதுதான் நம்ம பிரச்னை.

ஒரு சின்னக் கணக்கு. வெளியே 28 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை நாள்களில் இங்கே இது சர்வசாதாரணம். இந்தக் காற்று சுமார் 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே போதும், நீராவி துளியாக மாறிவிடும். அதாவது மூணே டிகிரி. பார்க் பண்ணிய காரின் முகப்பில் மழைத்தண்ணி வழிந்தால் அந்த மூணு டிகிரி சுலபமாக இறங்கிவிடும். இதே 28 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம்தான் இருக்கிற ஊரில், கண்ணாடி 17 டிகிரிவரை குளிர்ந்தால்தான் வியர்க்கும். ஒரே மாடல் காரை வைத்திருக்கும் வெளியூர் நண்பர், 'எனக்கு வந்ததே இல்லையே' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

சுடச்சுட ஃபில்டர் காபி இருக்கும் டம்ளர் மேல் டபராவைக் கவிழ்த்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் டபராவின் உள்பக்கம் வியர்த்திருக்குமே, அதேதான் இது. உள்ளே இருக்கும் ஈரம், கையில் கிடைக்கிற குளிர்ந்த பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹெட்லைட்டில் அந்தப் பரப்பு முன்கண்ணாடி.

மார்கழிக் காலைகளில் இது இன்னும் அதிகம். மழையே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிந்த வானம்தான் காரணம். இரவில் காரின் வெளிப்பரப்பு தன் சூட்டை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். இந்த மாதத்தில் விளக்கு மங்கித் தெரிந்தால் முதலில் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் வெளியே படிந்த பனி. துணியால் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

எல்.இ.டி. மட்டும் ஏன் லேட்?

'பழைய காரில் பத்து நிமிஷத்தில் போயிடும். புதுக் காரில் மத்தியானம்வரைக்கும் அப்படியே நிக்குது' என்பது பலரின் புகார். இதில் கார் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஹெச்4 வகை ஹாலஜன் பல்பு 55 முதல் 60 வாட்ஸ் தின்னும். அதில் பெரும்பகுதி வெளிச்சமாக வருவதில்லை, சூடாகத்தான் வருகிறது. அந்தச் சூடு முன்கண்ணாடியைக் காய வைத்துவிடும். எல்.இ.டி. குறைந்த வாட்ஸில் எரிகிறது. அதில் உண்டாகும் சூடும் பின்பக்கத்து அலுமினியத் தகட்டின் வழியே வெளியேறிவிடும். முன்கண்ணாடி குளிர்ச்சியாகவே கிடக்கும், ஆவியும் அவசரப்படாமல் போகும். ஆகவே எல்.இ.டி. விளக்கில் ஒருநாள் தாமதமாவதை வைத்து மட்டும் கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம்.

(பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி. 2017 ஏப்ரல் முதல் வந்த இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். பகல் வெயிலிலும் எரிகிறதே என்று அலுத்துக்கொள்வோம். ஹாலஜன் பல்பு உள்ள வண்டியில் அந்த விளக்கு தன்னைத்தானே காய வைத்துக்கொள்ளவும் அது உதவுகிறது.)

அஞ்சு சொட்டுக் கணக்கு

எது நார்மல், எது ஓட்டை என்பதைப் பிரிக்க இன்னொரு கணக்கு உதவும். ஒரு ஹெட்லைட்டுக்குள் பத்து லிட்டர் காற்று இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில், இதற்கு மேல் ஈரம் தாங்காது என்கிற நிலையில்கூட, அந்தப் பத்து லிட்டர் காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீர் சுமார் 0.3 கிராம். ஐந்தாறு சொட்டு. அது அத்தனையும் முன்கண்ணாடியில் படிந்தாலும் மெல்லிய மூடுபனி மாதிரிதான் தெரியும்.

அப்படியானால், விளக்கின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தால் அது காற்றில் வந்த ஈரமாக இருக்க முடியாது. தண்ணீர் தண்ணீராகவே உள்ளே நுழைந்திருக்கிறது. 'இது நார்மல்தான் சார்' என்ற பதிலை இந்த இடத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

ஆவி ஓரத்திலோ கீழ்மூலையிலோ மெல்லிதாக இருந்து, லோ பீம் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் குறைய ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் காணாமல் போனால் விட்டுவிடலாம். இரண்டு விளக்கிலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் பயம் இன்னும் குறைவு. இரண்டுக்கும் ஒரே வானிலைதானே? ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருவது, துளி பெரிதாகி வழிந்த தடம் தெரிவது, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கறுப்பது அல்லது உரிவது, கனெக்டரில் பச்சை பூப்பது... இதெல்லாம் ஓட்டைக்கான அறிகுறிகள். பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் கனெக்டர் வீணாவது சீக்கிரமே நடக்கும்.

இது அழகு சமாச்சாரம் மட்டும் கிடையாது. கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சத்தை அது மேலேயும் பக்கவாட்டிலும் சிதறடிக்கும். உங்களுக்குப் பள்ளம் தெரியாது. எதிரே ஹெல்மெட் கண்ணாடியில் மழைத்துளியோடு வருகிறவருக்கோ கண் கூசும். 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்டும் அளவுக்கு விளக்கு இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. மழை இரவில் ஈ.சி.ஆரில் போகும்போது ஒரு பக்க விளக்கு மங்கியிருந்தால் அந்த 155 மீட்டர் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓட்டை எங்கே?

பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டின் முதுகைப் பாருங்கள். பல நேரங்களில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பல்பு மாற்றியவர் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருப்பார், அல்லது போடவே மறந்திருப்பார். கம்பெனி பல்பை எடுத்துவிட்டு, பின்னால் குட்டி ஃபேன் வைத்த எல்.இ.டி. பல்பு மாட்டியவர்களின் காரில் இது இன்னும் சகஜம். ஃபேன் இடிப்பதால் மூடி உட்காராது. உடனே மூடியில் வட்டமாக வெட்டி வயரை வெளியே எடுத்திருப்பார்கள். அந்த வெட்டு வழியாக வருஷம் பூராவும் தூசும் ஈரமும் போய்க்கொண்டே இருக்கும். 'பவர்ஃபுல் லைட்' போட்ட பிறகு வெளிச்சம் குறைந்துபோன கதை இப்படித்தான் உருவாகிறது.

மூடி சரியாக இருந்தால் அடுத்து பம்பர். ஏதோ ஒரு பார்க்கிங்கில் லேசாக இடித்து, பம்பருக்கு மட்டும் டிங்கரிங், பெயின்ட் பார்த்திருப்போம். அந்த இடியில் விளக்கின் காது உடைந்தோ, ஓரத்தில் முடி மாதிரி விரிசல் விட்டோ இருக்கலாம். இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் விரிசல் மின்னும். பழைய கார் என்றால் ஒட்டிய பசையே வெயிலில் காய்ந்து விட்டுப்போயிருக்கும்.

துளை அடைபட்டிருப்பதும் உண்டு. சேறு, இலைத்தூள், சிலந்திக்கூடு ஏதாவது ஒன்று குழாய் வாயை மூடியிருந்தால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சுற்றும். குழாயைக் கழற்றி ஊதிவிட்டாலே பல விளக்குகள் சரியாகிவிடும். செலவு பூஜ்யம்.

நாமே வரவழைத்துக்கொள்வதும் ஒன்று உண்டு: ஓட்டி வந்த சூட்டோடு வாட்டர் வாஷ். சூடான விளக்கின் மேல் பச்சைத்தண்ணி அடித்தால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் துளைப் பக்கம் நிற்கும் ஈரமும் உள்ளே போகும். வெள்ளம் நிற்கும் சப்வேயில் காரை இறக்குவதும் இதே கதைதான். மழை நாளில் தி.நகர் துரைசாமி சப்வே பக்கம் போகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சூடான ஹெட்லைட் தண்ணீரில் முங்கினால் அது குடிக்காமல் வராது. வாஷுக்கு முன்னால் அரை மணி நேரம் வண்டியை ஆறவிடுங்கள். பிரஷர் கன்னை விளக்கின் ஓரத்து இடுக்கில் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

காய வைப்பது எப்படி?

வெறும் ஆவி என்றால் நம்ம ஊர் வெயிலைவிடப் பெரிய மருந்து இல்லை. மழை விட்ட மத்தியானத்தில் காரின் முகம் சூரியனைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்மூடியைக் கழற்றி, தூசு போகாமல் மெல்லிய துணியால் மூடிவிட்டு இரண்டு மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். தி.நகர், மயிலாப்பூர் அபார்ட்மென்ட்களில் கார் நிற்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில். வெயில் எட்டிப் பார்க்காது, காற்றும் ஓடாது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கிற கார்களில் ஆவி நிரந்தரக் குடித்தனம் நடத்துவதற்கு இதுதான் காரணம். ஒரு நாள் வெளியே நிறுத்திப் பார்க்காமல் மெக்கானிக்கைத் தேடாதீர்கள்.

வெயில் இல்லாத வாரத்தில் சிலிக்கா ஜெல் கைகொடுக்கும். தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஆகவே பத்து கிராம் பொட்டலம் ஒன்று, அந்த 0.3 கிராம் ஆவிக்குத் தாராளம். நூலில் கட்டி உள்ளே இறக்கி, நூலின் மறுமுனை வெளியே இருக்கும்படி மூடி, ராத்திரி முழுக்க விடலாம். ஆனால், பொட்டலத்தை உள்ளே வைத்துக்கொண்டு விளக்கைப் போடவே கூடாது. ஹாலஜன் பல்பின் கண்ணாடி 250 டிகிரியைத் தாண்டும். காகிதமும் துணியும் கருகிவிடும். எடுக்க மறக்காமல் இருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் அரிசி வைத்தியம் வேண்டாம். அது உறிஞ்சுவது கொஞ்சம், விட்டுப்போகும் தவிடும் தூசும் நிறைய.

ஸ்பூன் கணக்கில் தண்ணீர் நிற்கிறது என்றால் சிலிக்கா ஜெல்லால் ஒன்றும் ஆகாது. விளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வடித்தாக வேண்டும். சில கார்களில் அதற்கு முன் பம்பரையே கழற்ற வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் இறங்க வேண்டாம். கழற்றும் வாய்ப்பு கிடைத்தால், உள்ளே ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கும் ஆசையை அடக்குங்கள். அந்த வெள்ளிப் பூச்சு ஒரு தேய்ப்புக்குத் தாங்காது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியையும் வெறும் விரலால் தொட வேண்டாம். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

ஹேர் டிரையரை லோ-வில், ஒரு முழம் தள்ளி, பின்மூடி வழியாகக் காட்டினால் பாதகமில்லை. ஹீட் கன் கூடாது. பூச்சும் பசையும் சேர்ந்து இளகிவிடும்.

அதைவிட மோசமான வைத்தியம் இரண்டு. ஒன்று, அடியில் ட்ரில் போட்டு ஓட்டை போடுவது. தண்ணீர் வடியும்தான். அடுத்த மழையில் அதே ஓட்டை வழியாகத் திரும்பியும் வரும். இன்னொன்று, சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிவிடுவது. காற்றுத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரவே வராது. உள்ளே காய்ந்ததை உறுதிசெய்துகொண்டு, விரிசல் விட்ட இடத்தில் மட்டும் பூசினால்தான் அது ரிப்பேர்.

'நார்மல்தான் சார்' என்றால்...

வாரன்டியில் இருக்கும் கார் என்றால், மேலே சொன்ன எதையும் செய்யாமல் முதலில் ஆதாரம் சேருங்கள். நீங்களே கழற்றினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். காலையில் ஒரு வீடியோ, லோ பீம் போட்டு அரை மணி நேரம் ஓட்டிய பிறகு அதே கோணத்தில் இன்னொன்று, மறுநாள் ஒன்று. அப்புறம் காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். ஹெட்லைட்டில் தற்காலிகமாக ஆவி படிவது இயல்பு என்று பல கம்பெனிகள் அதிலேயே எழுதியிருக்கின்றன. தண்ணீர் தேங்கினால் சர்வீஸ் சென்டரில் காட்டவும் என்பதும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். முதல் வரியை அட்வைஸர் சொல்வார். இரண்டாவது வரியை நீங்கள் காட்டுங்கள். எதுவும் செய்யாமல் அனுப்பினாலும், புகாரை ஜாப் கார்டில் எழுதி வாங்காமல் வராதீர்கள். வாரன்டி முடிந்த பிறகு ரிஃப்ளெக்டர் உரிந்தால், 'முன்னாடியே சொன்னேன்' என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

இன்ஷூரன்ஸ்? வெறும் ஆவிக்கும், பசை காய்ந்துபோனதற்கும் க்ளெய்ம் கிடைக்காது; அது தேய்மானக் கணக்கு. இடி, வெள்ளம் என்றால் ஓன் டேமேஜ் பாலிசியில் கேட்கலாம். ஆனால், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். உதாரணத்துக்கு 12,000 ரூபாய் அசெம்பிளி என்றால் 6,000. அதிலும் 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் போக, கையில் வருவது 5,000. இதற்காக 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸை இழக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீரோ டெப் எடுத்தவர்களுக்குப் பாதி விலைக் கழிவு இல்லை. போனஸ் போவது அவர்களுக்கும் உண்டு.

மாற்றியே தீர வேண்டும் என்றால், அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு கடைகளில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். கம்பெனி ஒரிஜினல், அதே பாகத்தைச் செய்யும் சப்ளையரின் பிராண்ட், சாதா டூப்ளிகேட் என்று மூன்று விலை சொல்வார்கள். ஹெட்லைட்டில் டூப்ளிகேட் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. சீல் சரியில்லாமல் அடுத்த மழைக்கே வியர்க்கும். வெளிச்சம் விழும் இடமும் தப்பாக இருக்கும். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் கிடைக்கும். ரிஃப்ளெக்டரையும் காதுகளையும் பார்த்து, பில்லோடு வாங்கினால் எல்.இ.டி. அசெம்பிளிக்குக்கூட நியாயமான வழிதான். வாங்கும் முன் மூடி, குழாய் எல்லாம் கூடவே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பல்பு மூடி இல்லாமல் விற்பதுதான் அங்கே அதிகம் ஏமாறும் இடம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இந்த விளக்கு இன்னொரு வகையில் உதவும். 2015 டிசம்பரில் கோட்டூர்புரம், அடையாறு பகுதிகளிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நகரம் முழுக்கவும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் காரை ஏற்றி வரிசையாக நிறுத்தியது அந்த அனுபவத்தில்தான். மூழ்கிய காரின் சீட்டை மாற்றலாம், கார்ப்பெட்டை மாற்றலாம், சென்ட் அடித்து நாற்றத்தைக்கூட மறைக்கலாம். ஹெட்லைட்டின் உள்ளே கைவிட்டுக் கழுவுவது அவ்வளவு லேசு இல்லை. டார்ச்சை முன்கண்ணாடியின் மேலிருந்து கீழாகச் சாய்த்து அடியுங்கள். ரிஃப்ளெக்டரில் படுக்கைவாட்டில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு, அதற்குக் கீழே மட்டும் பூச்சு மங்கல், அடியில் வண்டல் மண்ணின் பொடி தெரிகிறதா? அந்தக் கார் எந்த உயரம்வரை தண்ணீரில் நின்றது என்பதற்கான அளவுகோல் அது. ஒரு விளக்கு மஞ்சளித்து, மற்றது பளபளவென்று புதிதாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. இரண்டுமே புத்தம் புதிதாக இருந்து, காருக்கு எட்டு வயது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். விளக்கின் கூட்டில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சடித்திருந்தால், அதை ஆர்.சி-யில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.